குழந்தையின் கரப்பானுக்கு வீட்டு வைத்தியம்: எது உதவும், எது வேண்டாம்

உங்கள் சிறு பிள்ளையின் கன்னத்திலோ, முழங்கை, முழங்கால் மடிப்புகளிலோ தோல் வறண்டு, சிவந்து, அரிப்பு எடுக்கிறதா? அது கரப்பானாக இருக்கலாம். வைத்தியர்கள் இதை எக்ஸிமா என்பார்கள். இது மற்றவருக்குத் தொற்றாது. பிள்ளையின் தோலால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாததே இதன் முக்கிய காரணம். ஹட்டன் பக்கத்துக் குளிர்காற்று, அடுப்புப் புகை, உடம்பில் நேரடியாகப் படும் கம்பளி ஆகியவை இதைக் கூட்டும்.

முதலில் சிரங்கா என்று பாருங்கள்

முகாமில் பலர் நெருக்கமாகத் தங்கியிருந்தால் சிரங்கு எளிதில் பரவும். இரவில் அரிப்பு அதிகமாக இருக்கிறதா? விரல் இடுக்குகளில் பொரி பொரியாக இருக்கிறதா? வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு உண்டா? அப்படியானால் வீட்டு வைத்தியம் போதாது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். தோட்ட வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

- பீலித் தண்ணீரை இளஞ்சூடாக்கி, 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி முடியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் மேலும் வறளும். வாசனைச் சோப்பைத் தவிருங்கள்.
- துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காயுமுன் சுத்தமான தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். முதல் நாள் சிறிய இடத்தில் பூசிப் பார்த்து, எரிச்சல் இல்லையென்றால் தினமும் இரண்டு முறை தொடருங்கள்.
- உள்ளே பருத்திச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர் போடுங்கள். நிவாரணமாகக் கிடைத்த உடைகளைத் துவைத்து, நன்றாக அலசிய பிறகே உடுத்துங்கள்.
- நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.
- பூட்டிக் கிடந்த லயக் காம்பராவில் பூஞ்சணம் பிடித்திருந்தால் துடைத்து, படுக்கையை வெயிலில் காய வையுங்கள்.

செய்ய வேண்டாதவை

குப்பைமேனியும் உப்பும், வேப்பிலை மஞ்சள் விழுது, தேசிக்காய்ச் சாறு, தலைவலித் தைலம் ஆகியவற்றைப் புண்ணான தோலில் பூச வேண்டாம். அவை எரிச்சலைக் கூட்டும். பச்சிலையோடு கிருமியும் புண்ணுக்குள் போகலாம். மருந்தின் பெயர் எழுதாத கிறீம்களை வாங்க வேண்டாம். சிலவற்றில் வலுவான ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அது முதலில் குணமாவது போல் காட்டி, பிறகு தோலை மெலியச் செய்யும். வைத்தியர் தந்த கிறீமை அவர் சொன்ன நாள் வரை பூசுங்கள். எண்ணெயையும் நிறுத்த வேண்டாம்.

முட்டை, பால், மீனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு அவை தேவை. தாய்ப்பாலைத் தொடருங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

சீழ் அல்லது மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், திடீரெனப் பரவும் வலியுள்ள நீர்க்கொப்புளங்கள், பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அவசரமென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்சுக்கும் கட்டணம் இல்லை.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் குறையவில்லை, அல்லது பிள்ளை இரவில் தூங்கவில்லை என்றால், அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கிளினிக் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்திருந்தாலும் தயங்காமல் போங்கள். அதைச் சொல்லிப் புதியதொன்று கேளுங்கள்.