குடியை விட்டவர் வேலைக்குத் திரும்பும்போது

குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வருகிறவர் முதலில் கேட்பது, ‘எப்ப வேலைக்குப் போகலாம்?’ என்றுதான். வட்டி ஏறிக்கொண்டிருக்கும், சம்பளமில்லா லீவு நீண்டுகொண்டிருக்கும்; அவசரம் நியாயமானதே. ஆனால் மறுவாழ்வு மையத்துக்குள் குடிக்காமல் இருந்ததைப் பெரிய சோதனை என்று சொல்ல முடியாது. அங்கே சரக்கு கிடையாது, கையில் காசு கிடையாது, ‘வாடா மாப்ள’ என்று கூப்பிட ஆள் கிடையாது. மூன்றும் ஒன்றாகத் திரும்பி வருவது வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.

முதலில் உடம்பு. பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. டாக்டரின் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கிவிடும். தூக்கம் அவ்வளவு சீக்கிரம் சரியாகாது. மாதக்கணக்கில் அரைகுறையாகத்தான் வரும். எரிச்சலும் மறதியும் கூடவே இருக்கும். இது தெரியாத சூப்பர்வைசர், ‘இவன் குடிச்சப்பவே ஒழுங்கா வேலை பாத்தான்’ என்று சலித்துக்கொள்வார். பிரஸ் மெஷின், உயரத்தில் நின்று செய்யும் வேலை, வண்டி ஓட்டுவது இவற்றுக்கெல்லாம் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவதே சரி. தூக்க மாத்திரை எழுதியிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். கொஞ்ச காலம் நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லலாம். தூக்கம் கெட்டால் ஆசை தலைதூக்கும்.

இனி, பலரும் கவனிக்காத விஷயம். வேலை நேரத்தில் பெரிய ஆபத்தில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் இருக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கும். ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரத்தில் வயிறு காலியாக இருக்கும், உடம்பு அசந்திருக்கும். அதோடு கட்டிங் கணக்கும் உண்டு. 180 மில்லி குவார்ட்டரை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி காசு போட்டுப் பிரித்துக்கொள்வது வழக்கம். கூட்டாளி வராவிட்டால் மற்றவர் முழுக் காசையும் தனியாகப் போட வேண்டும். ‘ஒரு கட்டிங்தானே, ஒண்ணும் ஆகாது’ என்று அவர் இழுப்பதில் நட்பு பாதி, கணக்கு பாதி.

‘மனசு உறுதியா இருக்கணும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. மாலை ஐந்தரை மணிக்குத் தேவைப்படுவது சாப்பாடு, வேறு வழி, வேறு ஆள். கேட்டைத் தாண்டியதும் இரண்டு இட்லியோ பஜ்ஜியோ டீயோ வயிற்றுக்குள் போகட்டும். ஆசை கிளம்பினாலும் பெரும்பாலும் அரை மணிக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணியைப் பேருந்தில் கழித்தாலும் கழிந்ததுதான். கடை இல்லாத தெரு வழியாகப் போக முடிந்தால் கொஞ்சம் சுற்றானாலும் போகலாம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. பல ஊர்களில் மாலையில் நடப்பதால் அந்த நேரத்துக்கே பொருந்தும்.

சம்பள நாள் தனிக் கதை. அந்தக் காலத்தில் கவரை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிடலாம். இப்போது சம்பளம் முழுவதும் போனுக்குள் இருக்கிறது. சம்பளக் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல் விட்டுவிட்டு, செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கில் கொஞ்சம் வைத்துக்கொள்வது உதவும். இதை அவரே கேட்டுச் செய்ய வேண்டும். வீட்டார் பிடுங்கி வைத்தால் அவமானமாகி, அதுவே குடிக்க ஒரு சாக்காகிவிடும்.

கம்பெனியில் யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரு மேலதிகாரி, கூட வேலை பார்க்கும் ஒருவர் போதும். மற்றவர்களிடம் ‘டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்’ என்பது பொய்யும் இல்லை, மேற்கொண்டு கேள்விக்கும் இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவும் போதைப் பொருளும் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையையும் தருகிறது. ஈஎஸ்ஐ உள்ளவர்கள், மருத்துவச் சான்றோடு நோய்க்கால உதவித்தொகை கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அந்தத் தொகை பெறும் காலத்தில் வேலைக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1937இல் அமெரிக்கத் தொழிற்சாலை டாக்டர் ஒருவர், ரப்பர் தயாரிப்புக்கான ஒரு ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளர்கள் மதுவைத் தொட முடியாமல் தவிப்பதைக் கவனித்து எழுதினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிரம், 1948 வாக்கில் டென்மார்க்கில் குடிநோய்க்கு மருந்தானது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்; சிலருக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம். சில இருமல் மருந்துகளிலும் டானிக்குகளிலும் ஆல்கஹால் உண்டு. லேபிளைப் பார்க்காமல் குடிக்கக் கூடாது. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்’ என்று சுவரொட்டி ஒட்டி விற்கிறார்களே, அதை நம்பி மாத்திரையையோ பொடியையோ சாம்பாரில் கலப்பது கொலைக்குச் சமம். அவர் வெளியே போய்க் குடித்துவிட்டு விழுந்தால், என்ன நடந்தது என்று டாக்டருக்குக்கூடத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் சறுக்கலாம். அந்த ஒரு கிளாஸைவிட, ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற அடுத்த நினைப்புதான் மாதக்கணக்கில் குடிக்க வைக்கிறது. மறுநாள் மெஷின் பக்கம் போகாமல் லீவு சொல்லிவிட்டு, சிகிச்சை பெற்ற மையத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். டைசல்ஃபிரம் எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மறுபடி போடக் கூடாது. மையத்தோடு தொடர்பு விட்டுப்போனவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அழைக்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416.