பெயிண்ட் டப்பாவுக்கு விதி உண்டு. பழைய கதவைச் சுரண்டுபவருக்குப் பயிற்சி இல்லை

புது தில்லி: வீடுகளுக்குப் பூசும் பெயிண்டில் காரீயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் விதி வகுத்தது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆனால் புதிய டப்பாவுக்குள் இருப்பதை மட்டுமே அந்த விதி கட்டுப்படுத்துகிறது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகக் கதவிலும் ஜன்னலிலும் அடுக்கடுக்காக ஏறிய பெயிண்டை யார், எப்படிச் சுரண்டி எடுப்பது என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை.

இந்தக் குறையின் பொருள் விளங்க, எர்ணாகுளம் மாவட்டத்தின் மட்டாஞ்சேரியைப் பார்த்தால் போதும். 1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்த அரண்மனையையும், 1568-இல் எழுந்த யூத ஆலயத்தையும் பற்றிக் கவலையில்லை. அவற்றைப் பேணத் தேர்ந்தவர்கள் உண்டு. அவற்றைச் சுற்றி, மிளகும் சுக்கும் அடுக்கப்பட்ட பழங்காலக் கிடங்குகளும் வீடுகளும் நிற்கின்றன. 2012-இல் கொச்சி-முசிறிஸ் பியனாலே கலைவிழா தொடங்கிய பிறகு இப்பகுதிப் பழங்கட்டடங்களுக்குப் புது மவுசு வந்துவிட்டது. அவை கலைக்கூடங்களாகவும் விடுதிகளாகவும் உருமாறுகின்றன. அதற்கு முதல் வேலை, பழைய பெயிண்டை அகற்றுவது.

சுண்ணாம்புச் சுவரில் ஆபத்து குறைவு. மரக் கதவு, ஜன்னல் சட்டம், இரும்புக் கம்பி ஆகியவற்றில் பூசிய எனாமல்தான் சந்தேகத்துக்குரியது. பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் தந்தது காரீயக் குரோமேட். மஞ்சள் தூளில் கலப்படக்காரர்கள் சேர்ப்பதும் இதே பொருளைத்தான். பெயிண்ட் விரைவில் உலர்வதற்கும், இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் வேறு காரீயச் சேர்மங்கள் பயன்பட்டன. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம்.)

உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் இந்தக் காரீயம் நுண்தூசியாகிறது. ப்ளோ லாம்ப் கொண்டு கருக்கினால் புகையாகிறது. வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு இரண்டையும் தடுக்காது. வேலை செய்தவரின் உடையோடு தூசி வீட்டுக்கும் செல்கிறது. தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் மிகையான காரீயத்துடன் இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகள் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டது. பேட்டரி உருக்கும் பட்டறைகள் முதல் மசாலாப் பொடி வரை காரணங்கள் பல. பெயிண்ட் அவற்றில் ஒன்று.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் அன்று. உலர்ந்த பெயிண்டைத் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியைத் தடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இலேயே உடன்படிக்கை வகுத்தது. அந்த அமைப்பின் நிறுவன உறுப்பினரான இந்தியா அதை இன்றளவும் ஏற்கவில்லை.

அமெரிக்கா 1978-இல் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்தது. பழைய வீடுகளின் கதி என்ன என்ற கேள்விக்கு விடை வர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 2010 ஏப்ரல் முதல், 1978-க்கு முந்தைய வீடுகளில் கூலிக்குப் பெயிண்டைக் கலைக்கும் நிறுவனம் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். எட்டு மணி நேரப் பயிற்சி முடித்த ஒருவர் வேலையை மேற்பார்வையிட வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பது, நனைத்துத் தேய்ப்பது, தீயால் கருக்காமல் இருப்பது, நுண்தூசி வடிகட்டி பொருத்திய இயந்திரத்தால் சுத்தம் செய்வது ஆகியவையே பாடம். பெரிய செலவு பிடிக்கும் வித்தை எதுவும் இதில் இல்லை.

இங்கே நிலைமை என்ன? காரீய நச்சு, மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. 2025 நவம்பர் 21-இல் அதன் இடத்துக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் அது உள்ளது. ஆனால் அதே தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவானோர் செய்யும் கட்டட வேலை 'கட்டடப் பணி' என்ற வரையறைக்குள் வராது. ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காக ரூ. 50 லட்சத்துக்குள் செய்யும் வேலையும் அப்படியே. ஒரு மேஸ்திரியும் மூன்று பேரும் ஒரு வீட்டை முடிப்பதுதான் இத்தொழிலின் வழக்கம் என்பதை அறியாதவர் யார்?

இந்தத் தொகுப்பை நடைமுறைப்படுத்தப் போவதில்லை எனக் கேரள அரசு அறிவித்தது. அந்த அரசியல் மோதல் எப்படி முடிந்தாலும், பெயிண்டர்களுக்குப் பயிற்சியளிக்கத் தில்லியின் அனுமதிக்காக மாநிலம் காத்திருக்கத் தேவையில்லை. பெயிண்ட் துறைக்கென மத்தியில் ஒரு திறன் மன்றம் இயங்குகிறது. கேரளத்துக்குத் தனியே திறன் மேம்பாட்டுக் கழகம் உண்டு. பழங்கட்டடச் சீரமைப்புக்கான அரசு ஒப்பந்தப் புள்ளிகளில், பயிற்சிச் சான்று பெற்றவரே பெயிண்டை அகற்ற வேண்டும் என ஒரு நிபந்தனை சேர்த்தால் தொடக்கமாகிவிடும்.

கொச்சியில் இத்தகைய கூலி வேலைகளுக்கு முன்பு பெருமளவில் வந்தவர்கள் தமிழர்கள். வில்லிங்டன் தீவின் வாத்துருத்தி குடியிருப்பு அவர்களால் உருவானது. இப்போது வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வருவோரே அதிகம். இவர்களுக்காகக் கேரளம் 2017-இல் கொண்டுவந்த 'ஆவாஸ்' காப்பீடு, சிகிச்சைக்கும் விபத்து மரணத்துக்கும் உதவுகிறது. காரீயமோ எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் இருக்கும். வயிற்று வலியும் ரத்தசோகையும் முற்றும்போது அந்தத் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பார். அங்கே அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு மட்டாஞ்சேரியின் கதவைப் பற்றித் தெரிந்திருக்காது.