மருந்து விலைப்பட்டியலில் தேதியையும் பாருங்கள்

மருந்தக ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “சென்ற மாதம் இதே மாத்திரைக்குக் குறைவாகத்தானே கொடுத்தோம்?” என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. சில வேளைகளில் கேள்வி தலைகீழாகவும் வரும். “அட்டையில் அச்சிட்ட விலையைவிடக் குறைத்து வாங்குகிறார்களே, இது பழைய மருந்தா?” என்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். மருந்தின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது, மருந்தகத்தின் பட்டியலுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதை அறிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவரம்பு விலையை அறிவிக்கும் அமைப்பு, 1997இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2013 அதற்கான விதிகளை வகுத்துள்ளது. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. ஒரு மருந்தைப் பல நிறுவனங்கள் விற்கின்றன அல்லவா? அவற்றுள் சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்குள்ள தயாரிப்புகள் சில்லறைக் கடைக்காரருக்கு என்ன விலையில் கிடைக்கின்றன என்று பார்த்து, சராசரி கண்டு, அதனுடன் 16 சதவீத விற்பனை லாபத்தைச் சேர்த்தால் வருவதே உச்சவரம்பு. ஒரே மருந்தானாலும் ஒவ்வொரு அளவுக்கும், மாத்திரை, ஊசி, சிரப் என ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு.

இந்த விலை ஒருமுறை நிர்ணயிக்கப்பட்டு அப்படியே நின்றுவிடுவதில்லை. முந்தைய காலண்டர் ஆண்டில் மொத்த விலைக் குறியீட்டெண் எவ்வளவு மாறியதோ, அதே விகிதத்தில் ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் உச்சவரம்பு திருத்தப்படுகிறது. அந்தக் குறியீட்டெண்ணைக் கணிப்பது மருந்துத் துறை அன்று. வணிக, தொழில் அமைச்சகத்தைச் சேர்ந்த பொருளாதார ஆலோசகர் அலுவலகம். எரிபொருள், உலோகம், உணவுப்பொருள் ஆகியவற்றின் மொத்த விலையையெல்லாம் உள்ளடக்கிய அந்த எண்ணே நம் வீட்டு மாத்திரையின் விலையையும் நகர்த்துகிறது.

2022 ஏப்ரலில் 10.76 சதவீத உயர்வும், 2023 ஏப்ரலில் 12.12 சதவீத உயர்வும் அனுமதிக்கப்பட்டன. இடையில் வேறு மாற்றம் எதுவும் இல்லையெனில், 100 ரூபாய் உச்சவரம்பு இரண்டே திருத்தங்களில் 124 ரூபாயாகிவிடும். 2024இல் குறியீட்டெண்ணின் மாற்றம் வெறும் 0.00551 சதவீதம். அதனால் 782 மருந்துகளின் உச்சவரம்பு மாறவே இல்லை. 54 மருந்துகளுக்கு ஒரு பைசா மட்டும் கூடியது. 2025இல் உயர்வு 1.74 சதவீதம். குறியீட்டெண் இறங்கிய ஆண்டும் உண்டு. 2016இல் 2.71 சதவீதம் குறைந்தது, விலைகளும் குறைக்கப்பட்டன. குறியீட்டெண் ஏறினால் நிறுவனம் விலையை ஏற்றலாம் என்றுதான் விதி கூறுகிறது; இறங்கினாலோ குறைத்தே ஆகவேண்டும். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் 12 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மேல் அவற்றின் விலையை உயர்த்தக் கூடாது.

பழைய பட்டியலால் எவ்வளவு வேறுபாடு வரக்கூடும் என்பதற்கு இதய ரத்தக்குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் நல்ல எடுத்துக்காட்டு. மருந்து பூசிய ஸ்டென்டின் விலை முன்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியும் இருந்தது. 2017 பிப்ரவரியில் அது, வரி நீங்கலாக, 29,600 ரூபாயாக வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குறியீட்டெண்ணின்படி 30,180 ரூபாயானது. 2018 பிப்ரவரியில் 27,890 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மூன்று விலைகள்! ஏப்ரல் மாதப் பட்டியலே மாற்றப்படாமல் இருந்திருந்தால், மறு ஆண்டு பிப்ரவரியில் வந்த நோயாளி ஒரு ஸ்டென்டுக்கு 2,290 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

அட்டையில் அச்சிட்ட விலையும் எப்போதும் இன்றைய விலையாக இருப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே நீக்கப்பட்டது. ஏற்கெனவே கடைகளுக்கு வந்துவிட்ட மருந்துகளைத் திரும்பப் பெற்றுப் புதிய விலையை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்றும், நிறுவனங்கள் திருத்திய விலைப்பட்டியலைக் கடைகளுக்கு அனுப்பி அதன்படி விற்பனை நடப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் ஆணையம் அறிவித்தது. ஆகவே, அட்டையில் உள்ளதைவிடக் குறைந்த தொகைக்கு ரசீது வந்தால் மருந்தின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆயிரக்கணக்கான மருந்துகள் உள்ள மருந்தகத்தில் இம்மாற்றங்களைக் கையால் எழுதிக்கொண்டிருக்க இயலாது. கணினியே புதிய விலைகளை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு தேவை. ஆனால் அதில் கவனமும் தேவை. ஆணையம் விலையை ஒரு மாத்திரைக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என அறிவிக்கிறது. கடையிலோ 10 அல்லது 15 மாத்திரைகள் கொண்ட அட்டையாக விற்கப்படுகிறது. சாதாரண மாத்திரையின் விலை, மெதுவாகக் கரையும் மாத்திரையின் பெயருக்கு நேராகப் பதிவாகிவிடக் கூடாது. உச்சவரம்பு வரி நீங்கலானது. ரசீது வரியோடு சேர்ந்தது. எனவே கணினி ஏற்றிய விலைகளை மருந்தாளுநர் ஒருவர் சரிபார்ப்பது அவசியம் என்பது எங்கள் கருத்து.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தருகே வாங்கினாலும், கூடுவாஞ்சேரியிலோ தாம்பரத்திலோ வாங்கினாலும் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலைக் காட்டுமாறு கேளுங்கள். வருவோர் எளிதில் பார்க்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியல் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்றும் பாருங்கள்.

ரசீது இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றை மருத்துவரின் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஸ்டென்ட் பொருத்தியிருந்தால், அதன் நிறுவனப் பெயரும் விலையும் ரசீதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆணையத்தின் ‘பார்மா சாஹி தாம்’ என்னும் கைப்பேசிச் செயலியில் மருந்தின் பெயரை இட்டு விலையைப் பார்க்கலாம். கூடுதலாக வாங்கியதாகத் தெரிந்தால் முதலில் மருந்தகத்திலேயே விளக்கம் கேளுங்கள். தீராவிடில், 1800 111 255 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆணையத்திடம் முறையிடலாம்.

இவற்றையெல்லாம் நாங்கள் எழுதுவதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. விலை கூடியதும் சிலர் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிக்கொள்கிறார்கள். சிலர் மாதக் கடைசியில் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் பொருத்தியவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படலாம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை விட்டுவிட்டால், உடலில் எந்த அறிகுறியும் தெரியாமலே சிறுநீரகமும் கண்ணும் பழுதாகலாம்.

மருந்துச் செலவு தாங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதே மூலப்பொருள் கொண்ட விலை குறைந்த தயாரிப்பு பெரும்பாலும் கிடைக்கும். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அத்தகைய மருந்துகள் விற்கப்படுகின்றன. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைகளோடு ரசீதுகளையும் கொண்டு வாருங்கள். மாற்றக்கூடியவற்றைச் சேர்ந்தே பார்த்து முடிவு செய்வோம்.