இசைத்தட்டின் மீள்வருகையும் ஒடுங்கிய அத்திவாரமும்

காலாவதியாகிவிட்டதெனக் கருதப்பட்ட வைனல் இசைத்தட்டு, மேலைநாடுகளில் மீண்டும் செல்வாக்குப் பெற்றுள்ளது. அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டில் சுமார் 41 மில்லியன் இசைத்தட்டுகளும் 33 மில்லியன் இறுவட்டுகளும் விற்பனையாகின. 1987 இன் பின்னர் எண்ணிக்கையில் இறுவட்டை இசைத்தட்டு விஞ்சியது அதுவே முதற்தடவையாகும்.

ஆயினும், இவ்வெழுச்சி தங்கியுள்ள உற்பத்தித்துறை மிகவும் சுருங்கியதொன்றாகும். இறுவட்டின் வருகையோடு இசைத்தட்டுத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. பெரும்பாலான இசைத்தட்டுகளுக்கு, லாக்கர் எனப்படும் மெருகு பூசிய அலுமினியத் தட்டிலேயே ஒலி முதலில் நுண்ணிய பள்ளமாக வெட்டப்படுகின்றது. அதிலிருந்து உலோக அச்சு பெறப்பட்டு, சூடாக்கிய வைனல் அதனால் அழுத்தப்படுகின்றது.

இந்த லாக்கர் தட்டுகளுக்கு உலகம் பிரதானமாக இரு நிறுவனங்களையே நம்பியிருந்தது. 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்பலோ தொழிற்சாலை தீக்கிரையானபோது, எஞ்சியது யப்பானின் எம்.டி.சி. நிறுவனமே. உலகெங்கும் இசைத்தட்டுத் துறையினர் பெரும் கலக்கமடைந்தனர்.

இலாபமில்லையென ஒரு தொழிலைக் கைவிடுவது இலகு. இரசிகர்கள் திரும்பி வரும்போது அதன் இயந்திரங்களையும் கைத்திறனையும் மீளத் திரட்டுவதோ பெரும் பிரயத்தனமாகும். பழையன யாவற்றையும் அவசரமாகக் கழித்துவிடும் இக்காலத்திற்கு இதுவொரு படிப்பினையாகும்.