சிறு தோட்டாவும் பழைய ஆயுதமும்

மேனாடுகளில் பழைய யுத்தங்களின் துப்பாக்கிகளைச் சேகரிப்போரில் ஒரு சாரார், அசல் ஆயுதத்தின் விலைக்கும் அதன் தோட்டாச் செலவுக்கும் ஈடுகொடுக்க மாட்டாமல், தோற்றத்தில் அதைப் போலவே இருந்து .22 அங்குலச் சிறு தோட்டாவைச் சுடும் பிரதிகளை நாடுகிறார்கள்.

இத்தோட்டாவின் விசேஷம் அதன் அடிவிளிம்பில் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே பதித்த சிறு மூடியை ஊசி குத்த வேண்டியிருக்க, இதிலோ விளிம்பின் உட்புறத்திலேயே பொறிமருந்து பரவியிருப்பதால், ஊசி விளிம்பை நசுக்கிய மாத்திரத்தில் அது பற்றிக்கொள்கிறது. நசுங்க வேண்டிய தகடு மெல்லியதாகத்தானே இருக்க முடியும்? ஆகவே அது மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. பலம் குறைவு, தோளில் உதைப்பும் குறைவு. ஆனால் பிரதி என்ற பெயரைக் கண்டு ஏமாறலாகாது. உயிரைப் போக்க இதுவும் போதும்.

இவ்வகைப் பிரதி விளையாட்டாகப் பிறந்ததும் அன்று. 1930-களில் ஜெர்மனியில் மௌசர் முதலிய தொழிற்சாலைகள் ராணுவத் துப்பாக்கியின் சாயலிலேயே .22 பயிற்சித் துப்பாக்கிகளைச் செய்தன. அமெரிக்கர் 1903-ஆம் வருஷத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 1922-இல் அப்படியொரு ஜோடியைச் சமைத்தார்கள். பிரிட்டிஷாரோ தங்கள் லீ-என்ஃபீல்டையே சிறு குழலுக்கு மாற்றிச் சிப்பாய்க்குக் குறிபார்க்கக் கற்பித்தார்கள். (நம் தேசிய மாணவர் படையினர் சுடப் பழகுவதும் .22-இல்தான்.) சிக்கனத்துக்காகச் செய்த அவையே இன்று அரும்பொருள்களாகிவிட்டது வேடிக்கை!

இத்தகைய பிரதியைத் தாமே கட்டுவோருக்கு உகந்தது, ரூகர் கம்பெனி 1964-இல் வெளியிட்ட 10/22 என்ற .22 துப்பாக்கி. அதற்கு இரண்டாம் உலக யுத்தத்து எம்1 கார்பைனின் பாணியில் மரக்கட்டையும் குறிமுள்ளும் பொருத்திவிட்டால், சற்றுத் தூரத்தில் நிற்பவர் அசலென்றே எண்ணுவார். வார்ப்பு உலோகத்தில் வரும் சில புதுப் பிரதிகளைவிட, வால்நட் மரத்தை இழைத்து எண்ணெய் பூசும் இந்த நிதானமான வேலையே எனக்கு மேலாகப் படுகிறது.