கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன்

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என்விடியா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 1060 என்னும் கிராபிக்ஸ் கார்டுக்கு, மற்ற கார்டுகளுக்கு எளிதில் கிட்டாத ஒரு கௌரவம் கிட்டிற்று. கணினி விளையாட்டுகளை விற்பனை செய்யும் ஸ்டீம் தளம் தன் வாடிக்கையாளரின் யந்திரங்களைப் பற்றி மாதந்தோறும் எடுக்கும் கணக்கில், அது ஆண்டுக்கணக்காக முதல் ஸ்தானத்தை வகித்து, 2022-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவ்விடத்தை விட்டு இறங்கியது. சென்னை ரிச்சி தெருவின் கடைகளில் ஏறி இறங்கி, பாகம் பாகமாக விலை விசாரித்து, அந்நாளில் கேமிங் கணினி கட்டிக்கொண்ட நம் இளைஞர்களில் பலரும் அந்தக் கார்டையே நாடினார்கள். அன்று கல்லூரியில் காலெடுத்து வைத்தவர்கள் இன்று உத்தியோகம் பார்க்கிறார்கள். சிலருக்கு மணமும் ஆகிவிட்டது. கணினி மட்டும் அதே கேபினட்டோடு அதே மேஜையில் இருக்கிறது. புதிய விளையாட்டு ஒன்றைத் திறந்தால் திணறுகிறது. கார்டை மாற்றலாமா என்ற யோசனை அப்போது எழுவது இயற்கையே.

அந்த யோசனை எழுந்தவுடன் எல்லோரும் செய்வது, எந்தக் கார்டை வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்குவதுதான். அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். நம் யந்திரத்தில் தாமதம் எங்கே உண்டாகிறது என்பதை முதலில் நிர்ணயித்துக்கொள்ளாமல், பல மாதச் சேமிப்பைக் கார்டில் கொட்டிவிட்டு, விளையாட்டு முன்போலவே தடுக்கித் தடுக்கி ஓடுவதைக் கண்டு மனம் நொந்தவர்கள் அநேகர். நடுத்தரக் குடும்பங்களில் அந்தப் பணம் எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்ந்தது என்பதை நினைத்தால், ஒரு மாலைப்பொழுதைப் பரிசோதனைக்கு ஒதுக்குவது அதிகமில்லை.

கிராபிக்ஸ் கார்டின் தொழில் இன்னதென்று சற்றுப் பார்ப்போம். சாதாரண மானிட்டர் ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விளையாட்டில் ஒரு வினாடிக்கு 60 சித்திரங்கள், அதாவது 60 ஃபிரேம்கள், தோன்றவேண்டுமானால், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு ஒவ்வொரு வினாடியும் நிறமும் ஒளியும் கணித்துத் தீட்டியாகவேண்டும். ஒரு சித்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் வினாடியில் அறுபதில் ஒரு பங்குதான். 1440 வரிகள் கொண்ட மானிட்டரில் புள்ளிகள் 36,86,400 ஆகின்றன. 4கே மானிட்டரில் 82,94,400, அதாவது சாதாரண மானிட்டரைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஆகவே ஒரே கார்டு ஒரு வீட்டில் போதுமானதாகவும் மற்றொரு வீட்டில் போதாததாகவும் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எதிரே இருக்கும் திரையைச் சொல்லாமல் கார்டின் தகுதியைப் பேசுவது பொருளற்ற பேச்சு.

ஆனால் தீட்டுவதற்கு முன், எதைத் தீட்டவேண்டும் என்று ஒருவர் சொல்லவேண்டும். பகைவன் எங்கே நிற்கிறான், எறிந்த குண்டு எந்தத் திசையில் போகிறது, கதவு திறந்ததா மூடியதா என்பதையெல்லாம் கணித்து, ஒவ்வொரு சித்திரத்துக்கும் உரிய கட்டளைகளைத் தயாரித்துக் கார்டுக்கு அனுப்புவது பிராசஸரின் பொறுப்பு. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்களாக இருந்தாலும், சமையற்கட்டிலிருந்து பதார்த்தம் வந்தால்தானே இலையில் விழும்? பிராசஸர் பின்தங்கிய யந்திரத்தில் எத்தனை உயர்ந்த கார்டைப் பொருத்தினாலும், அது கட்டளைக்காகக் கைகட்டிக் காத்திருக்கும்.

இதைக் கண்டறிவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால், விளையாடும்போதே கார்டு எத்தனை சதவிகிதம் உழைக்கிறது, எவ்வளவு சூடேறுகிறது, அதன் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பவை திரையின் மூலையில் தெரிந்துகொண்டே இருக்கும். உழைப்பு 97, 98 சதவிகிதத்தில் நின்று, அப்படியும் வேகம் போதவில்லையென்றால் குறை கார்டினுடையது. அது 60 சதவிகிதத்திலேயே தங்கிவிட, விளையாட்டு தடுக்குமானால், குறை பெரும்பாலும் பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. இன்னும் ஐயம் தீராதவர்கள், விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்துப் பார்க்கலாம். கார்டின் பாரம் பாதிக்கும் கீழே போன பின்பும் எஃப்.பி.எஸ்., அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம்கள் என்ற கணக்கு, ஏறாவிட்டால், புதிய கார்டும் அதை ஏற்றப்போவதில்லை. இந்த ஒரு பரிசோதனையைச் செய்த பிறகே கடைக்குப் புறப்படவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பரிசோதனையில் சில வேளை மிக எளிய காரணங்கள் அகப்படுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத கேபினட்டில் தூசி படிந்து விசிறி அடைபட்டிருந்தால், சித்திரை வெயிலில் கார்டின் சூடு 83 டிகிரியைத் தொட்டு, ஜிடிஎக்ஸ் 1060 போன்ற கார்டுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது வேண்டியது ஒரு தூரிகையும், புதிதாகப் பூசிய தெர்மல் பேஸ்ட்டும்தான். 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கும் யந்திரத்தில் இன்னொரு குச்சி சேர்த்தாலே தடுக்கல் நிற்பதுண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, விண்டோஸ் அமைப்பில் அதை மாற்றாமல் 60-லேயே ஆண்டுகளாக விளையாடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இவர்களுக்குக் கார்டு அநாவசியம்.

குறை கார்டினுடையதே என்று ருசுவான பின்பும், மெதுவாக ஓடுவது, ஓடவே ஓடாதது என்ற இரண்டையும் வேறுபடுத்திக்கொள்வது அவசியம். மெதுவாக ஓடும் விளையாட்டுக்குப் பரிகாரங்கள் உண்டு: நிழல்களின் தரத்தைக் குறைக்கலாம், ஏஎம்டி நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்னும், சித்திரத்தைச் சிறிதாகத் தீட்டிப் பெரிதாக்கிக் காட்டும் உத்தி பழைய என்விடியா கார்டுகளிலும் வேலை செய்கிறது. ஓடவே ஓடாத விளையாட்டுக்குப் பரிகாரம் இல்லை. அந்த எல்லைக்கோடு ரே டிரேசிங் என்னும் ஒளிக்கணிதத்தால் கிழிக்கப்பட்டது.

அதன் வரலாறு அழகானது. விளக்கிலிருந்து புறப்படும் கதிர், கண்ணாடியில் பட்டுத் திரும்புவதையும், நீரில் புகுந்து வளைவதையும், மறைப்பு நேர்ந்த இடத்தில் நிழலாவதையும் இயற்கை நடப்பதுபோலவே கணித்துச் சித்திரமாக்கலாம் என்று, 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட் என்பவர் ஒரு கட்டுரையில் நிரூபித்துக் காட்டினார். பளபளக்கும் இரண்டு உருண்டைகளும் கட்டம் போட்ட தரையுமாக அமைந்த அவருடைய ஒரே சித்திரத்தைக் கணித்து முடிக்க, அன்றைய கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்தக் கணிதத்தை வினாடிக்குப் பலமுறை செய்வதற்கென்றே தனி உறுப்புகளைச் சில்லுக்குள் அமைத்து, 2018-ஆம் ஆண்டில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசையை வெளியிட்டது. முதலில் சில ஆண்டுகள் அது விரும்பினால் போட்டுக்கொள்ளும் அலங்காரமாகவே இருந்தது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகியவற்றில் அது கட்டாயமாகிவிட்டது, அந்த உறுப்புகள் இல்லாத ஜிடிஎக்ஸ் 1060-இல் அவ்விளையாட்டுகளுக்கு இடமே இல்லை. இதோடு, 2025 அக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை நிறுத்திக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக என்விடியா அறிவித்தது. எனவே, இத்தகைய புதிய விளையாட்டுகளை மனமார விரும்புகிறவருக்கு மாற்றம் நியாயமே. அவரைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. வேலரண்ட், ஜிடிஏ 5, கிரிக்கெட் என்று பழகிய விளையாட்டுகளோடு திருப்தியாக இருப்பவருக்கு அந்த எல்லைக்கோட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

ஜிடிஏ என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதன் ஆறாம் பாகத்துக்காக இன்றே கார்டு வாங்கி வைக்கவேண்டும் என்ற ஆவல் இளைஞரிடையே பரவலாக இருக்கிறது. 2026 நவம்பர் 19 என்று அறிவிக்கப்பட்ட தேதி கன்சோல்களுக்கு உரியது. ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் கன்சோலுக்கும், 2015 ஏப்ரலில்தான் கணினிக்கும் வந்தது. அதே நிறுவனத்தின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கணினிக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வருங்கால விளையாட்டுக்கென்று இன்று வாங்கும் கார்டு, அந்த விளையாட்டு வருவதற்குள் வாரண்டியில் பாதியை உபயோகமின்றிக் கழித்துவிடக்கூடும். அப்போது அதே பணத்துக்கு மேலான கார்டும் கிடைக்கலாம்.

இனி யந்திரத்தின் மற்ற அங்கங்களைப் பார்ப்போம். 2017-இல் ஜிடிஎக்ஸ் 1060-க்குத் துணையாகப் பலரும் வாங்கியது இன்டெல் கோர் ஐ5 7400 என்னும் நான்கு கோர் பிராசஸர். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அந்தப் பழைய கார்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமுடையது. ஆனால் ஐ5 7400-ஐத் துணையாகக் கொண்டு அந்த வேகம் முழுவதையும் இக்காலத்துப் பெரிய விளையாட்டுகளில் பெற முடியாது. அந்தப் பிராசஸரை விண்டோஸ் 11-க்கு ஏற்றதாக மைக்ரோசாஃப்ட் அங்கீகரிக்கவும் இல்லை. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் மதர்போர்டில் அதற்கு அடுத்த எட்டாம் தலைமுறை பிராசஸரும் பொருந்தாது. ஆகையால் இத்தகையவருக்கு என் ஆலோசனை, கார்டுக்கென்று வைத்த தொகையில் முதலில் பிராசஸரையும் மதர்போர்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே. கையிலுள்ள டிடிஆர்4 ரேமை அப்படியே போட்டுக்கொள்ள இடம் தரும் ரைசன் 5 5600 போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால், 2025-இன் இறுதியில் வெகுவாக ஏறிவிட்ட ரேம் விலையிலிருந்தும் தப்பலாம். கார்டு பிறகு வரட்டும். வரும்போது அதன் முழுச் சக்தியும் பயன்படும்.

யந்திரத்துக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கவனியாமல் கார்டு வாங்குவது ஆபத்து. மதர்போர்டின் ஸ்லாட் தருவது 75 வாட். ஆறு பின் கேபிள் இன்னும் 75. எட்டு பின் கேபிள் 150. ஜிடிஎக்ஸ் 1060-க்கு 120 வாட் போதும், ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115-தான். ஆர்டிஎக்ஸ் 5070-க்கோ 250 வேண்டும். கேபினட்டோடு இனாமாக வந்த, மேலே பெரிய எண் அச்சிட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி அத்தகைய கார்டைப் பொருத்துவது, கார்டோடு மதர்போர்டையும் பணயம் வைப்பதாகும். கேபினட்டுக்குள் கார்டு அடங்குமா என்று அளவு நாடாவால் அளந்துகொள்வதும் நலம்.

கார்டின் நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்டிஎக்ஸ் 4060-இல் 8 ஜிபிதான் உண்டு. மதர்போர்டோடு பேசுவதற்குப் பிசிஐஇ எனப்படும் பாதைகள் எட்டே உண்டு. பழைய பிசிஐஇ 3 மதர்போர்டில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடுவதால், 8 ஜிபி நிரம்பி வழியும் தருணத்தில் தடுக்கல் மிகுதியாகத் தெரியும். 2022-இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதைகள் கொண்டது. அதைப் பழைய மதர்போர்டில் போடவே கூடாது. பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவர், சற்றுக் காத்திருந்தாவது 12 அல்லது 16 ஜிபி உள்ளதை வாங்குவது மேல். அமெரிக்க விமரிசனங்களில் காணும் டாலர் விலையை ரூபாயாக்கிப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்த விலையில் வரி சேரவில்லை, இங்கே 18 சதவிகித ஜிஎஸ்டி உண்டு.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளை நான் விலக்கச் சொல்லமாட்டேன்; குறைந்த செலவில் நிறைந்த பலன் பலருக்கு அங்கேதான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளைக் கொண்டு அதைத் தோண்டியெடுக்கும் தொழில் அடியோடு நின்றபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில்லு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். விசிறியும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். அஞ்சவேண்டியது போலிகளுக்கு. மிகப் பழைய கார்டின் பயாஸைத் திருத்தி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்றதுண்டு. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய பல போலிகளை அடையாளம் கண்டு, பெயரிலேயே போலி என்று குறித்துக் காட்டிவிடும். விற்பவரின் யந்திரத்திலேயே அதை ஓட்டிப் பார்த்து, பிறகு கனமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, திரையில் கோடுகளோ வண்ணப் பொட்டுகளோ தோன்றுகின்றனவா, விசிறி சீராகச் சுழல்கிறதா, சூடு ஓர் அளவில் நிலைத்து நிற்கிறதா என்று கண்ணாரக் கண்ட பின் பணத்தை எண்ணிக் கொடுங்கள். அந்த அரைமணி நேரத்துக்கு இணங்காதவரிடம் வாங்கவேண்டாம்.