மணவாளக்குறிச்சி மணலும் ஒரு கிராம் ஆவியும்

1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தென்னந்தும்புக் கயிற்றில் மஞ்சளாக மின்னும் மணல் துகள்களைக் கவனித்தார். அது மோனசைட். அந்தக் காலத்து காஸ் விளக்குகளின் வலைக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இந்த மணல் எந்த ஊரது என்ற தேடல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வந்து நின்றது. சில ஆண்டுகளுக்குள் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அதே ஊரில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எனத் தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது.

கயிற்றில் ஒட்டிக்கொண்ட மணல் ஐரோப்பா வரை போயிருக்கிறது. அப்படியிருக்க, வாசலில் கிடக்கும் தும்பு மிதியடியிலும் செருப்படியிலும் பிள்ளைகளின் ஈரக்காலிலும் ஒட்டி அது நம் வீட்டுக் கூடத்துக்கு வராமல் இருக்குமா? குளச்சலிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிய வீடுகளில் காலையில் வாரியலால் கூட்டினால் சாயங்காலம் மறுபடியும் காலில் நறநறக்கும். நீராவியால் துடைத்து, காற்றால் உறிஞ்சும் துப்புரவு இயந்திரங்கள் நாகர்கோவில் கடைகள் வரை வந்துவிட்ட இந்நாளில், அவற்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இந்த மணலைப் பற்றித்தான்.

தாதுக்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் இருக்கிறது. 1 மிக மென்மை, 10 வைரம். பளிங்குக் கல் 3. மெருகேற்றிய விட்ரிஃபைட் டைல் சுமார் 6. சாதாரண ஆற்றுமணலின் குவார்ட்ஸ் 7. நம் கடற்கரையைச் செந்நிறமாக்கும் கார்னெட் 7-ஐ ஒட்டி, சிர்கான் ஏழரை. எது கடினமோ அது மற்றதைக் கீறும். குமரி முனையில் பொட்டலம் கட்டி விற்கும் பல நிற மணல், கன்னியாகுமரித் தேவியின் நின்றுபோன திருமணத்துக்கு வைத்திருந்த அரிசி என்று கதை சொல்லுவார்கள். அந்த அரிசியில் ஒரு மணி ஈரத்துணியின் அடியில் சிக்கி, துணியோடு தரையில் இழுபட்டால் உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்துவிடும். புதிதாகப் போட்ட டைல் ஐந்தாறு வருஷத்தில் நடைபாதையில் மட்டும் பளபளப்பை இழப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தேய்ந்த இடத்தில் அழுக்கு இன்னும் எளிதாகப் பிடிக்கிறது. அதனால் இன்னும் அழுத்தித் துடைக்கிறோம். அது இன்னும் தேய்கிறது.

மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு: கனம். குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். கறுப்பான இல்மனைட்டுக்கு ஏறக்குறைய 4.7. ஒரே அளவுள்ள இரண்டு மணிகளில் கறுப்பு மணி ஒன்றேமுக்கால் மடங்கு எடை கூடியது. காற்று அதைத் தூக்கிப்போக வேகம் அதிகம் வேண்டும். தலைமுடியையும் பஞ்சுத் தூசியையும் உறிஞ்சிக் காட்டும் கடை விளம்பரத்தை நம்பி வாங்கினால், கறுப்பு மணல் தரையிலேயே தங்கிவிடும். கடையில் ஒரு கைப்பிடி நம்மூர் மணலைத் தூவி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுழலும் தூரிகை முரட்டு இழையாக இருந்தால் மணலை உறிஞ்சுவதற்கு முன்பே நாலாபுறமும் தெறிக்கவிடும். கெட்டித் தரைக்கு மென்மையான உருளை வேண்டும், இல்லையென்றால் தூரிகையை நிறுத்தி வைக்கும் வசதியாவது வேண்டும்.

இனி ஆவி. அடுக்களையில் புட்டுக்குழலைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பாதி நனைத்த மாவு, இடையிடையே தேங்காய்ப்பூ, கீழிருந்து ஏறும் ஆவி. சில நிமிஷத்தில் உள்வரை வெந்துவிடுகிறது, ஆனால் கூழாகிவிடுவதில்லை. அவ்வளவு கொஞ்சம் தண்ணீர் அவ்வளவு வெப்பத்தை எப்படிச் சுமந்து போயிற்று?

விடையை 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கண்டுபிடித்தார். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 ஜூல் வெப்பம் போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக மாற்ற இன்னும் 2,257 ஜூல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வெப்பம் முழுவதும் உள்ளே போகும்போது வெப்பமானி இம்மியும் அசையாது. பிளாக் அதற்கு வைத்த பெயரையே நம் பாடநூல்கள் உள்ளுறை வெப்பம் என்று சொல்கின்றன. ஆவி குளிர்ந்த பொருளைத் தொட்டதும் மீண்டும் நீராகிறது. ஆகும் கணத்தில் அந்த 2,257 ஜூலையும் தொட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறது. கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட காயம் மோசமாக இருப்பதும் இதனால்தான். சிறு பிள்ளைகள் தவழும் நேரத்தில் இந்த இயந்திரத்தை எடுக்கவே கூடாது என்று நான் கருதுவதற்கும் அதுவே காரணம்.

தரையில் இந்த வெப்பம் செய்யும் வேலை அழகானது. மீன் பொரித்த அடுக்களையில் எண்ணெய் தரையோடு மெல்லிய படலமாய் ஒட்டி, காற்றுப் பட்டுப் பட்டுப் பிசுபிசுத்துப்போகிறது. வெப்பம் ஏறினால் அதன் பிசுக்கு இளகுகிறது. இளகியதைத் துணி வாரிக்கொள்கிறது. சோப்பு வேண்டாம், பினாயில் வேண்டாம். சோப்பு விட்டுப்போகும் மெல்லிய படிவுதான் பல வீடுகளில் துடைத்த மறுநாளே தரை மங்கலாகத் தெரியக் காரணம். பலமாதம் காய்ந்து இறுகிய எண்ணெய்க் கறைக்கு மட்டும் ஆவி போதாது. அங்கே சோப்புத் தண்ணீர் ஊறவைக்கத்தான் வேண்டும்.

கடலோர வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துளிகள் ஜன்னல் வழியே வந்து தரையில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த ஈரப்பதம் அபூர்வமே அல்ல. துடைத்துக் காய்ந்த தரை மறுபடி காலில் ஒட்டுவதன் ரகசியம் இது. ஆவி குளிர்ந்து உண்டாகும் நீர் உப்பில்லாத சுத்த நீர். உப்பை நன்றாகக் கரைக்கும். ஆனால் கரைந்த நீரைத் தரையிலேயே காயவிட்டால் உப்பு அங்கேயே மிஞ்சும். அந்த ஈரத்தை எடுப்பதில்தான் உறிஞ்சலும் அடித்துணியும் பயன்படுகின்றன. ஓர் அறைக்கு ஒரு துணி என்று மாற்றுங்கள். வீடு முழுவதையும் ஒரே துணியால் துடைத்தால் முதல் அறையின் உப்பு கடைசி அறைக்குப் போய்ச் சேரும்.

மணலும் ஆவியும் சந்திக்கும் இடத்தில்தான் இந்த இயந்திரத்தின் பலவீனமும் இருக்கிறது. ஈர மணல் மணியோடு மணியாகவும் தரையோடும் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சிக்கு அது வராது. எனவே முதலில் காய்ந்த தரையில் உறிஞ்சல் மட்டும். வாரியலும் போதும். பிறகே ஆவி. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்திருக்கும் இயந்திரத்தை நம் கடற்கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தனித்தனியே இயக்க முடிவதையே பாருங்கள். ஒரு வகையில் முன்வாய் காய்ந்த தூசியை இழுக்கும், பின்னால் ஆவித் துணி துடைக்கும். அதை எப்போதும் முன்னோக்கியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் புது இடத்துக்கு நகர்த்தினால் துணி மணல்மேல் ஏறிவிடும். தண்ணீரையும் சேர்த்து இழுக்கும் இன்னொரு வகை பெரியது, விலை கூடியது; மழைக்காலத்தில் தரை காயாத வீடுகளுக்கு அதுவே உதவும்.

விளம்பரத்தில் வரும் எண்களைச் சரிபார்க்கக் கொஞ்சம் கணக்குப் போதும். 1,500 வாட் என்றால் வினாடிக்கு 1,500 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க மொத்தம் 2,550 ஜூல். ஆகவே நிமிஷத்துக்கு அதிகபட்சம் 35 கிராம் ஆவி. உறிஞ்சும் மோட்டாரும் அந்த 1,500 வாட்டிலேயே பங்கு கேட்டால் இன்னும் குறையும். இதைவிட அதிகம் தருவதாகச் சொன்னால் வெளியே வருவதில் ஒரு பங்கு வெந்நீர்த் துளிதான். 230 வோல்ட்டில் 1,500 வாட் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரில் உள்ள சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள், பெரிய 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். கிருமி எல்லாம் சாகும் என்ற வாக்கைக் கேட்டால், பாலைப் பதப்படுத்தக்கூட 72 டிகிரியில் 15 வினாடி வைக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீச்சில் கடந்துபோகும் ஆவி அழுக்கை எடுக்கும், கிருமியை அவ்வளவாகத் தீண்டாது.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரும் முக்கியம். ஆவி சுத்தமாய்ப் போய்விடும். கரைந்திருந்த சுண்ணாம்பு முழுவதும் கொதிகலத்திலேயே தங்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீரை நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றினால் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 55 கிராம் கல். சிறிய கொதிகலத்தை அடைக்க அது தாராளம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். வாசனைத் திரவமும் பினாயிலும் தொட்டிக்குள் போகவே கூடாது.

கடைசிக் கேள்வி, தரை தாங்குமா என்பது. நெருக்கமாகச் சுட்ட விட்ரிஃபைட் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. ஆவிக்கு இதைவிடப் பொருத்தமான தரை இல்லை. கிரானைட்டும் தாங்கும். மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லுகளை அமிலம் அரிக்கும், ஆவி அரிக்காது. ஆனால் மேலே மெழுகு பூசியிருந்தால் அது போய்விடும். சிவப்புச் சிமென்ட் தரையும் அப்படித்தான். அதன் நிறம் இரும்பு ஆக்சைடு, ஆவியின் வெப்பத்துக்கு அசையாது. மினுமினுப்போ பலகாலம் தேய்த்த மெழுகும் எண்ணெயும் தந்தது. தேன்மெழுகு 62 டிகிரியிலேயே உருகிவிடும். அயனியிலும் தேக்கிலும் பலகை போட்ட பழைய மச்சுகளுக்கு ஆவியே வேண்டாம். ஈரம் புகுந்தால் மரம் இழைக்குக் குறுக்காக உப்பும், பலகைகள் ஒன்றையொன்று தள்ளும்.

பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் நின்றவர்கள் அந்தக் கறுந்தரையை மறந்திருக்க மாட்டார்கள். எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரைக் கட்டி, செடிச்சாறுகள் சேர்த்து அரைத்துப் பூசியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வேதியியல் அந்தச் சேர்மானத்துக்கு எதிராக இல்லை. சிரட்டைக் கரி நிறம் கொடுக்கும். சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும்போது, புரதம் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் நெருக்கி வைக்கும். நெருக்கமான பரப்பை இழைத்தால் மெருகு வரும். 1795-இல் திருவிதாங்கூர்த் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் அந்த மெருகு தொடர்கிறது. பார்வையாளர்களைச் செருப்பில்லாமல் அனுமதிப்பது அந்தத் தரைக்குச் செய்யும் மிகப்பெரிய பாதுகாப்பு; மணல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அப்படிச் சுண்ணாம்பில் பூசிய தரை எவர் வீட்டிலாவது இன்னும் இருந்தால், ஆவியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் கரிமச் சேர்மானத்தைக் கொதிக்கும் ஈரம் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கும் இடம் அதுவல்ல.

உங்கள் தரை எந்த வகை என்று தெரியாவிட்டால், வெளிச்சம் படாத ஒரு மூலையில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை நீக்கிவிட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அடியில் நிறம் கறுத்திருந்தால் தரை தண்ணீர் குடிக்கிறது. மேலே வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் மெழுகுப் பூச்சு இருக்கிறது. இரண்டுக்கும் வாரியலும் நன்றாகப் பிழிந்த துணியும் போதும். ஒன்றும் மாறாமல் இருந்தால் மட்டும் கடைக்குப் போகலாம், கையில் ஒரு பொட்டலம் மணலோடு.